மாமியார் நேர்ந்துகொண்டது

"பயப்படாதீங்க" என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. மனநல ஆலோசகர் இப்படிச் சொல்லாமல் வேறு என்னத்தைச் சொல்வாள் என்று கேட்பீர்கள். சில வருஷங்களுக்கு முன் தேவகோட்டை ரோட்டில் ஒரு லாரி என் ஸ்கூட்டியை இடித்துத் தள்ளியது. எலும்பு கூடிவிட்டது. ரோட்டைத் தாண்டத்தான் முடியவில்லை. வீட்டில் ஆளாளுக்கு "பயப்படாதே" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பயப்படக் கூடாதென்று தெரியாமலா நடுங்கிக்கொண்டு நிற்கிறேன்? என் நாத்தனார் மட்டும் எதுவும் பேசாமல் பக்கத்தில் வந்து நிற்பாள். நான் காலை எடுத்து வைத்தால் அவளும் வைப்பாள், நான் நின்றால் அவளும் நிற்பாள். அப்படித்தான் தாண்டினேன். இன்று என்னிடம் வருகிறவர்களுக்கும் நான் செய்வது அதுதான்.

போன வருஷம் அரியக்குடிப் பக்கமிருந்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மருமகள் அடுப்படியில் சேலை பற்றிக்கொண்டு, கையும் தோளும் வெந்து, ஆஸ்பத்திரியில் மாசக்கணக்கில் கிடந்து பிழைத்தவள். அதிலிருந்து தீக்குச்சி உரசுகிற சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிவிடுகிறாளாம்.

"சோறு நான் ஆக்கிருவேன் டாக்டரம்மா, அது பெருசில்ல," என்றார் மாமியார். "இவ பொழைச்சு எந்திரிச்சா இவ கையாலயே பொங்க வைப்பான்னு மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டேனே! வார பங்குனியும் தவறுனா சாமி குத்தமாயிரும்."

எனக்கு வந்ததே கோபம்! தீயில் வெந்தவளைத் தீ முன்னால் உட்கார வைக்கிறேன் என்றா நேர்ந்துகொள்வார்கள்? மொட்டை போடுகிறேன், கிடா வெட்டுகிறேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? கேட்டேவிட்டேன்.

"அந்த நேரத்துல வேற என்னத்தைத் தாயி கேக்கச் சொல்றீக? இவ பழையபடி அடுப்பு முன்னால நிக்கிறதப் பாத்தாப் போதும்னு இருந்துச்சு," என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்கு மேல் கோபப்பட எனக்கு மனசு வரவில்லை.

மருமகளிடம், "நீ என்னம்மா சொல்றே?" என்று கேட்டேன்.

"வைக்கணும்க்கா," என்றாள். "எனக்காகக் கும்பிட்டது."

தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொள்வதில் ஆரம்பித்தோம். அதற்கே அவளுக்கு உள்ளங்கை வேர்த்து, பெட்டி நமுத்துப் போனது. பிறகு குச்சி, அகல் விளக்கு, என் வீட்டு கேஸ் அடுப்பு. ஒவ்வொரு தடவையும் அவள் கைக்குப் பக்கத்தில் என் கையும் இருக்கும். நன்றாகப் போகும், திடீரென்று ஒருநாள் எல்லாம் விட்டுப்போய் அழுதுகொண்டு படியிறங்கிவிடுவாள். மறுநாள் வருவாளா, மாட்டாளா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருப்பேன். வந்துவிடுவாள்.

"பொங்க வைக்கிற அன்னைக்கும் பக்கத்துல நிப்பீகள்ல?" என்று கேட்டாள். "நிப்பேன்," என்றேன்.

பங்குனிப் பொங்கலன்று காலையில் எனக்கு ஒரு இட்லி இறங்கவில்லை. ஊரே கூடி நிற்கும் இடத்தில் அவள் பதறி ஓடிவிட்டால்? ஆத்தா ஏற்றுக்கொள்ளவில்லை என்று நாலு பேர் வாய் கூசாமல் சொல்வார்கள். அதற்குப் பிறகு இந்தப் பிறவியில் அடுப்புப் பக்கம் போக மாட்டாள். கோயிலுக்குப் போனதும் அவள் சேலையைத் தொட்டுப் பார்த்தேன். நூல் சேலைதான். முந்தானையை இழுத்துச் செருகி ஊக்குக் குத்திவிட்டேன். ஒரு வாளித் தண்ணீரையும் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தேன். பாவி, காற்று வேறு சுழன்று சுழன்று அடித்தது.

மூன்று செங்கல், மேலே பானை, கீழே பனையோலை. குந்தி உட்கார்ந்தாள். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் மாமியார். முதல் குச்சி ஒடிந்தது. அடுத்தது காற்றில் அணைந்தது. இன்னொன்றை எடுத்தவள் உரசாமல் அப்படியே இருந்தாள். அவள் கழுத்தில் வேர்வை கோடு கோடாக இறங்கியது. சுற்றிலும் மற்ற அடுப்புகள் பற்றிவிட்டன. எல்லோரும் இங்கேயே பார்க்கிற மாதிரி இருந்தது.

மாமியாரால் பொறுக்க முடியவில்லை. "குடு தாயி, நான் பத்த வைக்கிறேன். ஆத்தா கோவிச்சா என்னையக் கோவிச்சுக்கிறட்டும்," என்று கையை நீட்டினார். அதே நேரம் என் கையும் நீண்டுவிட்டது. இத்தனை பேருக்குப் பாடம் சொல்கிற நான்!

அவள் சடாரென்று திரும்பினாள். "அய்யோ, ரெண்டு பேரும் அங்குட்டுத் தள்ளிப் போங்க! இப்பிடி மேல வந்து விழுந்தா நான் எப்பிடிப் பத்த வைக்கிறது?"

தள்ளிப் போனோம். மாமியார் என் கையைப் பிடித்துக்கொண்டார். குச்சி உரசும் சத்தம் கேட்டது. ஓலை பற்றி, தீ குபீரென்று எழுந்தது. அவள் பின்னால் சாய்ந்தாள், எழுந்து ஓடவில்லை. முகத்தைத் திருப்பிப் புகையை விலக்கிவிட்டு, இன்னொரு ஓலையை ஒடித்து உள்ளே தள்ளினாள்.

"இப்பப் பக்கத்துல போவமா?" என்று மாமியார் என் காதில் கேட்டார்.

"கூப்பிடட்டும்," என்றேன்.