குங்குமத்தை அழிக்கச் சொன்னார்கள்

வியட்நாமில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். நெற்றியில் இருந்த குங்குமத்தை அழித்துவிட்டு மறுநாள் வகுப்புக்கு வரச் சொன்னார்கள். அழிக்கவில்லை என்றால் வேலை இல்லை. வேலை இல்லை என்றால் விசா இல்லை. திரௌபதி அம்மன் எனக்கு என்ன செய்தாள் என்று கேட்பவர்களுக்கு நான் இந்த இடத்திலிருந்துதான் சொல்லத் தொடங்குவேன்.

என் பெயர் மலர்க்கொடி. மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா இல்லை. அம்மா கரும்பு வெட்டித்தான் என்னை பி.ஏ. ஆங்கிலமும் பி.எட்.டும் படிக்க வைத்தாள். கொரோனா முடிந்த மறு வருஷம், வியட்நாமில் ஒரு சின்ன நகரத்தில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுக்கும் வேலை கிடைத்தது. கிளம்பும்போது எங்கள் திரௌபதி அம்மன் கோயில் குங்குமம் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டேன்.

முதல் மாதம் நரகம்தான். எதைத் தின்றாலும், மீனை உப்பில் ஊறவைத்து எடுக்கும் மீன் சாறு வாசனை. மழை விடவே இல்லை. துணி காயவில்லை. தெருவில் யார் என்ன பேசினாலும் என்னைத்தான் பேசுகிறார்கள் என்று தோன்றும். வகுப்பில் நான் வாயைத் திறந்தால் பிள்ளைகள் சிரித்தார்கள். என் உச்சரிப்பு அவர்கள் வீடியோவில் கேட்டதுபோல் இல்லை. சில பெற்றோர் பிள்ளைகளை நிறுத்திவிட்டார்கள். "வெள்ளைக்கார டீச்சர் இல்லையா?" என்று கேட்டார்களாம்.

அந்தச் சனிக்கிழமைதான் எங்கள் ஆங்கில மையத்தை நடத்தும் அம்மையார் என்னை அழைத்தார். கெட்டவர் இல்லை. பெற்றோர் கேட்பதைக் கொடுக்க நினைக்கிறவர். நாளை பெற்றோர் எல்லாரும் வந்து உட்காருவார்கள், பொட்டு வேண்டாம், பெயர் மேரி என்று சொல், லண்டனில் பிறந்து வளர்ந்தவள் என்று சொல் என்றார். என் உதவியாசிரியை லான் பக்கத்தில் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பள்ளியில் எங்கள் தெருப் பெயரைச் சொன்னதுமே முகம் மாறியவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். கடல் தாண்டி வந்தும் அதே கதையா? அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அழிச்சிட்டுப் போடி. நெத்தி காலியா இருந்தா இன்னா? மனசுல வச்சிக்கினு போ. அம்மன் கோச்சிக்க மாட்டா."

"அம்மன் கோச்சிக்க மாட்டாம்மா. நான் கோச்சிக்குவேன்."

"வேல பூட்சின்னா இன்னா பண்ணுவ?"

"வூட்டுக்கு வந்து உங்கூட கரும்பு வெட்டிக்கினு இருக்கேன்."

"வாயப் பாரு இவளுக்கு." அப்புறம், "சரி, நான் கோயிலுக்குப் போயி அவகிட்ட சொல்லிட்டு வரேன். நீயும் அங்கயே கேளு" என்றாள்.

கேட்டேன். கைகூப்பி அல்ல, சண்டை போட்டுக் கேட்டேன். "சபை நடுவுல நின்னு கேள்வி கேட்டவ நீ. நாளைக்கு என்னையும் நிக்க வைக்கிறாங்க. வேலையைக் காப்பாத்துன்னு கேக்கல. என் வாய் அடைச்சிப் போவக்கூடாது. அது மட்டும் குடு. குடுத்தா வந்து தீ மிதிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை வழக்கத்தைவிடப் பெரிதாகவே பொட்டு வைத்துக்கொண்டு போனேன். அம்மையார் பார்த்தார். முகம் சிவந்தது. ஆனால் பெற்றோர் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். "இவர் மேரி, லண்டன்" என்று அம்மையார் அறிமுகம் செய்தார்.

திரௌபதி அம்மா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். அடுத்த நொடி என் குரல் எனக்கே கேட்டது. அத்தனை தெளிவாக நான் அதுவரை பேசியதில்லை.

"என் பெயர் மலர்க்கொடி. என் நாடு இந்தியா. கள்ளக்குறிச்சி மாவட்டம். எங்கள் ஊர் வயலில் நின்றால் கல்வராயன் மலை தெரியும். அந்த வயல் எங்களுடையது இல்லை. என் அம்மா அதில் கூலிக்குக் கரும்பு வெட்டுகிறார்."

அம்மையார் லானைப் பார்த்துத் தலையை ஆட்டினார், மொழிபெயர்க்காதே என்று. லான் என்னைப் பார்த்தாள். பிறகு ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள்.

ஒரு குடும்பம் எழுந்து பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனது. இன்னொன்றும் போனது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

அப்போது கடைசி வரிசையில் ஒரு பெண் எழுந்தார். வெயிலில் கறுத்த முகம். மகள் அவர் கையைப் பிடித்திருந்தாள். அவர் கேட்டதை லான் சொன்னாள்: "அம்மா கரும்பு வெட்டுகிறார் என்றால் உனக்கு யார் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தது?"

"அரசுப் பள்ளிக்கூடம்" என்றேன். "ஆறாம் வகுப்பு வரைக்கும் எனக்கு ஒரு வாக்கியம் பேச வராது. கற்றுக்கொண்டேன்."

அவர் அம்மையாரைப் பார்த்துப் பேசியதை லான் என் காதில் சொன்னாள். "நானும் கரும்பு வெட்டுகிறவள்தான். லண்டனில் பிறந்தவளுக்கு ஆங்கிலம் தானாக வந்திருக்கும். இந்தப் பெண் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். என் மகளும் கற்றுக்கொள்ளத்தான் வந்திருக்கிறாள். எனக்கு இந்த டீச்சர்தான் வேண்டும்."

பக்கத்தில் இருந்தவர்களும் தலையசைத்தார்கள். எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு பாடம் நடத்தினேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன்.

அம்மையார் மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மறுநாள் வகுப்பறைக் கதவில் மேரி என்றிருந்த சீட்டை எடுத்துவிட்டு, மலர் என்று எழுதி ஒட்டினார். அது போதும் எனக்கு. இன்றும் அங்கேதான் வேலை செய்கிறேன். மீன் சாறு இல்லாமல் இப்போது எனக்குச் சோறு இறங்காது. லான் எனக்குத் தங்கை மாதிரி.

வாய் அடைக்கக்கூடாது என்று மட்டும்தான் கேட்டேன். வேலையையும் சேர்த்துக் கொடுத்தாள். அதனால்தான் லீவு போட்டு வந்து, இந்த ஆடியில் தீ மிதித்தேன். அம்மா தீக்குழிக் கரையில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தாள். பாதம் சுடவில்லை.

உங்களை யாராவது பெயரை மாற்றிக்கொள், ஊரை மறைத்துக்கொள் என்று சொன்னால் அம்மனிடம் போங்கள். கெஞ்ச வேண்டாம். நிமிர்ந்து நின்று உரிமையோடு கேளுங்கள். நிமிர்ந்து நின்றவளைத்தானே நாம் கும்பிடுகிறோம்.