மாடத்தி கேட்ட இரண்டாவது சான்று

மாடத்தி என் கடைக்கு முதன்முதலாக வந்தது ஒரு பி.எஃப். படிவத்தை ஜெராக்ஸ் எடுக்க. எடுத்துக்கொண்டு பேசாமல் போயிருக்கலாம். போகவில்லை. ஸ்கேனர் பக்கத்தில் நான் அடுக்கி வைத்திருந்த பழைய புத்தகத் தாள்களை எட்டிப் பார்த்து, "அக்கா, முப்பத்திரண்டுக்கு அடுத்தாப்ல முப்பத்தஞ்சுல்லா இருக்கு?" என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இரண்டு நாள் இடுப்பொடிய உட்கார்ந்து ஸ்கேன் செய்த புத்தகம் அது. எண்ணிப் பார்த்தேன். நடுவில் ஒரு தாள் இல்லைதான்.

இன்றைக்கு எங்கள் இணைய நூலகத்தில் நானூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள் இருக்கின்றன. எதிலும் ஒரு பக்கம்கூட விட்டுப்போகவில்லை. அதற்கு நான் நன்றி சொல்ல வேண்டியது இந்த அதிகப்பிரசங்கிக்குத்தான்.

நூலகம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரகடம் கூட்டு ரோட்டில் என் கடை, செந்தாமரை ஜெராக்ஸ். ஆதார் நகல், பயோடேட்டா, ஊருக்குப் போக ரயில் டிக்கெட், இதுதான் பிழைப்பு. ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலை பார்க்கும் மணிகண்டபிரபு, பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போகவிருந்த புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஸ்கேனர் சும்மாதானே கிடக்கு?" என்று கேட்டதில் ஆரம்பித்தது. இணையத்தில் ஏற்றுவது அவன் வேலை. எழுத்துப்பிழை பார்ப்பது கம்பெனி பஸ்ஸில் போகும் பையன்களும் பெண்களும். ஆளுக்கு இரண்டு பக்கம், போனிலேயே பார்த்து அனுப்பிவிடுவார்கள். முதலாளி கிடையாது, சம்பளமும் கிடையாது.

மாடத்திக்குச் சங்கரன்கோவில் பக்கம். பன்னிரண்டாவது முடித்த கையோடு, கான்ட்ராக்டர் ஒருவர் மூலம் இங்கே வந்தவள். பதினோரு வருடமாகிறது. கார் முகப்பு விளக்கு செய்யும் கம்பெனியில் கடைசிப் பரிசோதனை. ஒரு விளக்கு கைக்கு வந்தால் நான்கு நொடி. கீறலோ குமிழோ இருந்தால் சிவப்புப் பெட்டி, இல்லாவிட்டால் பாஸ். சந்தேகம் என்றாலும் சிவப்புப் பெட்டிதான். படப்பையில் மூன்று பெண்களோடு வாடகை அறையில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை எடுத்தால், "வந்த பீஸ் ஒண்ணும் பாஸாவலக்கா" என்பாள்.

அந்தச் சிவப்புப் பெட்டியை எங்கள் நூலகத்துக்கும் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வேலையில் பெரிய தலைவலி, எழுதியவர் எந்த ஆண்டு இறந்தார் என்பது. இறந்து அறுபது ஆண்டு முடிந்திருந்தால்தான் புத்தகம் எல்லாருக்கும் பொது. ஏற்றலாம். அறுபது முடியாததை ஏற்றினால் அது அடுத்தவர் சொத்தை எடுத்த கணக்கு. யாராவது ஒருவர் ஆண்டைச் சொன்னால் நான் ஏற்றிவிடுவேன். மாடத்தி விடமாட்டாள். இரண்டு சான்று வேண்டும், ஒன்றுதான் இருந்தால் சிவப்புப் பெட்டி. வார விடுமுறை நாளில் மற்ற பெண்கள் தி.நகர் போவார்கள். இவள் வீடு வீடாகப் போய், "ஒங்க தாத்தா எந்த வருசம் இறந்தாவ?" என்று கேட்டுக்கொண்டிருப்பாள். குன்றத்தூரில் ஒரு வீட்டில் இன்சூரன்ஸ் ஏஜென்ட் என்று நினைத்துக் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நாங்கள் மோதிக்கொண்டது ஒரு ஆயில் என்ஜின் புத்தகத்தால். மணிமங்கலத்தில் பம்புசெட் மெக்கானிக்காக இருந்த கண்ணப்பன் என்பவர் எழுதியது. 'எண்ணெய் எந்திரம்: ஓட்டமும் கோளாறும்' என்று பெயர். முதல் பதிப்பு, 1958. "எந்திரம் இருமினால் எந்திரத்தைத் திட்டாதே, நீ ஊற்றிய எண்ணெயைப் பார்" என்று எழுதுகிற மனிதர். படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். இதை உடனே ஏற்ற வேண்டும் என்று எனக்குக் கை பரபரத்தது.

கண்ணப்பனுக்கு ஒரே மகள் என்றும், படப்பையில் ஒரு லேடீஸ் ஹாஸ்டலில் சமையல் செய்கிறார் என்றும் பஸ்ஸில் விசாரித்து மாடத்தி கண்டுபிடித்தாள். போன ஜனவரியில் இருவரும் போனோம். பேர் கிளியம்மாள். அறுபது வயது. சாம்பார் அண்டாவைக் கிண்டிக்கொண்டே பேசினார்.

"ராமேஸ்வரம் பக்கம் ரயிலையே கடல் இஸ்துகினு போச்சே, அந்தப் புயல் அன்னிக்குப் பொறந்தேம்மா. ஏழாம் நாள் எங்கப்பா பூட்டாரு. வர்றப்பவே அப்பன முழுங்கினவன்னு சொல்லித்தான் என்னை வளர்த்தாங்க. சித்தப்பா வூட்ல ஒரு நல்லது கெட்டதுக்கு முன்னால நிக்க வுடமாட்டாங்க."

"அப்பா எழுதுன புஸ்தகம் ஒங்ககிட்ட இருக்காம்மா?" என்று மாடத்தி கேட்டாள்.

"எல்லாத்தையும் அப்பவே எடைக்குப் போட்டுட்டாங்க. அம்மாவும் நான் நடக்கறப்பவே பூட்டாங்க. நான் கண்ணால பார்த்ததில்ல."

புயல் 1964 டிசம்பர் இருபத்திரண்டு. ஏழு நாள் கூட்டினால் அதே டிசம்பர். அறுபது ஆண்டு அப்போதுதான் முடிந்திருந்தது. நான் துள்ளிக் குதித்தேன். மாடத்தி மட்டும் தலையை ஆட்டவில்லை.

"இன்னாடி, பெத்த பொண்ணே சொல்றாங்க. இதுக்கு மேல இன்னா சான்று?" என்றேன்.

"ஏழு நாள் பிள்ளைக்கு அது எப்படித் தெரியும்? அடுத்தவிய சொன்னதத்தான சொல்லுதாவ. அது ஒரு சான்றுகூட ஆகாதுக்கா."

"கடை என்னுது, ஸ்கேனர் என்னுது" என்று சொல்லிவிட்டு ஏற்றச் செய்தேன். அப்படிச் சொன்னதற்கு இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

ஒரு மாதத்தில் நான்காயிரம் பேர் இறக்கிக்கொண்டார்கள். எங்கள் எந்தப் புத்தகத்துக்கும் அப்படி நடந்ததில்லை. ஐ.டி.ஐ. மாணவர்கள், லைனில் நிற்பவர்கள், எல்லாரும் கண்ணப்பனைத்தான் பேசினார்கள். நான் மாடத்தியைப் பார்க்கும்போதெல்லாம் எண்ணிக்கையைச் சொல்லிக் குத்திக்காட்டினேன். அவள் விடுமுறைதோறும் எங்கோ போய்வந்தாள்.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளாஸ்டிக் பையோடு நேராகக் கடைக்கு வந்தாள். வாலாஜாபாத் பக்கம் ஒரு விவசாயியின் மோட்டார் கொட்டகையில் கிடைத்ததாம். கிரீஸ் கறையோடு அதே புத்தகம், இரண்டாம் பதிப்பு. முன்னுரையைத் திறந்து என் முன் வைத்தாள். கீழே கண்ணப்பனின் பெயர். தேதி 10-12-1965.

புயல் அடித்துக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆன நாள் அது. செத்தவர் எப்படி முன்னுரை எழுதுவார்? எனக்கு அப்புறம்தான் புரிந்தது. மகள் பிறந்தது ஒரு மார்கழி, அப்பா இறந்தது அடுத்த மார்கழியாகத்தான் இருக்க வேண்டும். திதி கொடுக்க மாதமும் நாளும் போதும், வருடம் யாருக்கும் வேண்டாம். வருடாவருடம் அவள் பிறந்தநாள் வந்த ஏழாம் நாள் அவர் திதி வந்திருக்கிறது. சொல்லிச் சொல்லி இரண்டு மார்கழியும் ஒன்றாகிவிட்டன.

"எடுத்துருங்கக்கா. அறுபது வருசம் இன்னும் ஆவல" என்றாள் மாடத்தி.

"நாலாயிரம் பேர் படிச்சுட்டாங்கடி. யாரு வந்து கேக்கப் போறாங்க?"

"கேக்க வேண்டிய ஆளு சாம்பார் கிண்டிக்கிட்டு இருக்காவல்லா. புஸ்தகம் அவியளுக்குச் சொந்தம்."

மணிகண்டபிரபுவுக்குப் போன் செய்து அந்த நிமிடமே எடுக்கச் சொன்னேன்.

சாயங்காலம் ஹாஸ்டலுக்குப் போனோம். கிளியம்மாள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். மாடத்தி புத்தகத்தைக் கொடுத்து, முன்னுரையின் கடைசி வரிகளைக் காட்டினாள். அவர் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடியைப் போட்டு, விரலை ஒவ்வொரு எழுத்தாக நகர்த்திப் படித்தார்.

'இம்மாதம் இருபத்திரண்டாம் தேதி என் மகள் கிளிக்கு ஒரு வயது நிறைகிறது. அவள் என் மடியில் உட்கார்ந்துகொண்டு படங்களைக் கிழிக்காமல் இருந்திருந்தால் இப்பதிப்பு ஒரு மாதம் முன்னதாகவே வெளிவந்திருக்கும். வாசகர்கள் அவளை மன்னிக்கவும்.'

படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். நான் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"அப்போ ஒரு வருஷம் என்னை மடியில வெச்சுகினு இருந்தாராம்மா?"

"ஆமாம்மா" என்றாள் மாடத்தி.

"நான் முழுங்கல."

"இல்லம்மா. படத்த மட்டுந்தான் கிழிச்சிருக்கிய."

கிளியம்மாள் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே அழுதார். ஹாஸ்டல் பெண்கள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்கள். வந்தவர்களிடமெல்லாம் அந்த வரியைக் காட்டி, "எங்கப்பா எழுதிகிறாரு, நான்தான் இது" என்றார்.

பிறகு மாடத்தி விஷயத்தைச் சொன்னாள். புத்தகம் இன்னும் பொதுவாகவில்லை. ஒரே வாரிசு அவர். அவர் சம்மதித்தால்தான் மறுபடி ஏற்ற முடியும். வேண்டாம் என்றால் அதோடு சரி.

"எனக்குன்னு ஒரு சொத்து இருக்குதா?" என்று கிளியம்மாள் ஆச்சரியப்பட்டார். "எல்லாருக்கும் குடுத்துட்டா அப்புறம் எனக்கு இருக்குமா?"

"இருக்கும்மா. இந்தப் பிரதி ஒங்களுக்குத்தான். எங்களுக்கு ஸ்கேன் போதும்."

அவர் நாங்கள் அச்சடித்துக் கொண்டுபோன சம்மதக் கடிதத்தை வாங்கிப் பூரிக்கட்டைப் பலகையின் மேல் வைத்து, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். எட்டிப் பார்த்தேன். ஆதார், ரேஷன் கார்டு, கடிதம் எல்லாவற்றிலும் கிளியம்மாள் என்று இருக்கிறது. அவர் 'கிளி' என்று மட்டும் போட்டிருந்தார்.

ஒரு பக்க எண் மங்கலாக இருந்தாலே திருப்பி அனுப்புகிறவள் பக்கத்தில் நிற்கிறாள். "பேரு ஒத்துப்போகலையேடி, இன்னொரு தாள் எடுக்கட்டா?" என்று மாடத்தியின் காதில் கேட்டேன்.

அவள் கடிதத்தைக் கையில் எடுத்தாள். நான்கு நொடி பார்த்தாள்.

"முன்னுரையில ஒண்ணு, இதுல ஒண்ணு. ரெண்டு சான்று இருக்குல்லா" என்று சொல்லி, மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.