நேர்ந்துவிட்ட கால்கள்

சந்திரக் கணக்கில் எட்டாம் மாதம் பிறக்கும்போது எங்கள் ஊரிலிருந்து, மலைராசா கோயில் இருக்கிற நான்யுவே மலைக்கு ஆட்களை அழைத்துப் போகிறவன் நான். இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. வேன் பேசுவது, பெயர் எழுதுவது, ஆளுக்கொரு ஊதுவத்திக் கட்டின் மேல் சிவப்புத்தாள் சுற்றி ஊரும் பேரும் குறிப்பது, மூன்று நாள் முன்பிருந்தே யாரும் பன்றிக்கறி தொடாமல் பார்த்துக்கொள்வது எல்லாம் என் தலையில்தான். புண்ணியம் வேண்டுமென்று வருகிறவர்கள் ஜன்னலோர இருக்கைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பாதி முடி கொட்டிவிட்டது.

இவர்கள் எல்லாரையும்விட என்னை அதிகம் படுத்தியவன் லியாவ் சாங்கன். ஒருமுறைகூட வேனில் ஏறாதவன். ஆனால் மலைக்குப் போவதற்கு அவன் அளவுக்குத் திட்டம் போட்டவன் இந்த மாவட்டத்திலேயே கிடையாது.

சாங்கனும் நானும் ஒரே வயது. அவன் ஒரு மாதம் மூத்தவன், அதனால் அவன் மனைவி மன்யிங் எனக்கு அண்ணி. எங்கள் ஊரிலிருந்து பதினொரு பேர் ஷென்ஜென் நகரத்துக்கு வேலைக்குப் போனோம். பெரிய கட்டடங்களுக்கு அஸ்திவாரக் குழி தோண்டும் வேலை. குழிக்குள் இறங்கிப் பாறையில் துளை போட்டு வெடி வைக்க வேண்டும். நான் ஒரே வருடத்தில் மேஸ்திரியோடு கைகலப்பாகி, மூக்கு உடைந்து ஊருக்குத் திரும்பிவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மற்ற பத்துப் பேர் பதிமூன்று வருடம் அந்த வெள்ளைப் புழுதியைச் சுவாசித்தார்கள். உள்ளே போன புழுதி வெளியே வரவில்லை, நுரையீரலிலேயே கல்லாக இறுகிவிட்டது. பத்தில் ஒன்பது பேரைப் புதைத்துவிட்டோம். மிச்சம் இருப்பவன் சாங்கன்.

அவன் வீட்டில் பகலும் இரவும் ஆக்சிஜன் மெஷின் உறுமிக்கொண்டே இருக்கும். அதன் குழாய் வாசற்படி வரை எட்டும், அதற்கு மேல் எட்டாது. அவன் படுத்துத் தூங்கி ஐந்து வருடம் ஆகிறது. படுத்தால் மூச்சு நின்றுவிடும். தரையில் மண்டியிட்டு, முன்னால் ஒரு குட்டி ஸ்டூலில் தலையைச் சாய்த்துத்தான் தூங்குவான். மலைக்கு முட்டி போட்டுக்கொண்டே வருகிற பக்தர்கள் கையில் இதே மாதிரி ஒரு குட்டி முக்காலி இருக்கும்.

“தினமும் முட்டி போட்டுத்தான் தூங்கறாரு. சாமி இதையே ஏத்துக்கக் கூடாதா?” என்று மன்யிங் ஒருநாள் என்னிடம் கேட்டாள்.

அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஆறு வருடம் முன்பு சாங்கனை வீட்டுக்குத் தூக்கி வந்தபோது, இரண்டு குளிர்காலம் தாண்டினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த எட்டாம் மாதம் மன்யிங் என் வேனில் வந்தாள். உச்சிக் கோயில் வாசலில் பட்டாசுப் புகையில் பக்கத்து ஆளின் முகம்கூடத் தெரியவில்லை. அவள் கட்டோடு ஊதுவத்தியை வாசலில் பத்தி எரிக்கும் உலையில் எறிந்துவிட்டு உரக்கக் கத்தினாள்.

“மலைராசா! எம் பையன் கல்யாணத்தைப் பாக்கற வரைக்கும் எம் புருசனை விட்டு வையி. அவரே தன் கால்ல நடந்து வந்து உனக்குப் பத்தி ஏத்துவாரு!”

இத்தனை வருடத்தில் எல்லாரும் ‘நான் வருகிறேன்’ என்றுதான் நேர்ந்துகொள்வார்கள். இறங்கும்போது கேட்டேன்: “ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க? நான் வர்றேன்னு சொல்லியிருக்கலாம்ல?”

“நான் வர்றதுக்கு சாமி என்ன செய்யணும்? எனக்குத்தான் கால் இருக்கே. அவரு வரணும்னா சாமிதானே கால் குடுக்கணும்? குடுத்துத்தானே தீரணும்?” என்றாள். சாமியையே மடக்கிவிட்ட பெருமை அவள் முகத்தில் இருந்தது.

வீட்டில் சாங்கன் இதைக் கேட்டுவிட்டு, இருமி முடித்து, “ஏண்டி, எங் கால என்னைக் கேக்காம எப்படி நேர்ந்துவிட்டே? உன் காலு ரெண்டும் எங்க போச்சு?” என்றான்.

“உங்க காலு சும்மாத்தானே கிடக்குது” என்றாள் அவள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்போது சிரிக்க முடிந்தது.

சாமி அவள் கேட்டதில் பாதியைக் கொடுத்தார். உயிரை வைத்தார், காலைக் கொடுக்கவில்லை. இரண்டு குளிர்காலம் நான்காயிற்று. மகன் லெய்க்குக் கல்யாணம் நடந்தது. சாங்கன் மூக்கில் குழாயோடு உட்கார்ந்து மருமகள் ஷியாவ்லான் கையால் தேநீர் வாங்கிக் குடித்தான். அன்றைக்கே நேர்த்தி செலுத்தும் நாள் தொடங்கிவிட்டது. அன்றைக்கே அவன் திட்டமும் தொடங்கியது.

பள்ளிக்கூட நோட்டு ஒன்று வைத்திருந்தான். வேனை அடிவாரத்தில் விட்டுவிட்டு ஏறுகிற மலைப் பஸ் நிற்கும் இடத்திலிருந்து உச்சிக்கு எத்தனை படி என்று என்னை எண்ணி வரச் சொன்னான். நான் எண்ணாமலே ஒரு எண்ணைச் சொன்னேன். அடுத்த வாரம் மறுபடி கேட்டான். நான் வேறு எண்ணைச் சொல்லி மாட்டிக்கொண்டேன். “உன்னை நம்பி ஊரே மலையேறுது பாரு” என்றான். பிறகு உண்மையாகவே எண்ணிக்கொண்டு வந்தேன். எந்த வளைவில் உட்காரத் திண்டு இருக்கிறது, எங்கே காற்று நேராக முகத்தில் அடிக்கும், எல்லாம் அந்த நோட்டில் ஏறியது. மன்யிங் வெந்நீர் வைத்தபடி இதையெல்லாம் கேட்பாள். அவள் முகம் தெளிந்திருக்கும்.

ஆனால் நாள் நெருங்கினால் ஏதாவது ஒரு தடை வந்துவிடும். முதல் வருடம் மழை வரும் என்றான். வரவில்லை. இரண்டாம் வருடம் கிளம்ப நாலு நாள் இருக்கும்போது அவனுடைய தூரத்துச் சித்தி ஒருத்தி செத்துப்போனாள். துக்கம் காக்கிற வீட்டுக்காரர்கள் கோயில் படி மிதிக்கக் கூடாது. சாங்கன் உடனே பெயரை அடிக்கச் சொன்னான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மன்யிங் தோட்டத்துக்கு மிளகாய் பறிக்கப் போயிருந்த நேரம் பார்த்துப் பிடித்துக்கொண்டேன்.

“பத்து வருஷமா அந்தக் கிழவியோட உனக்குப் பேச்சுவார்த்தையே இல்ல. இன்னிக்கு எங்கேர்ந்துடா வந்துச்சு தீட்டு?”

“பேசலேன்னா சித்தி இல்லேன்னு ஆயிடுமா?”

“சாமியோட விளையாடாதே சாங்கன். அண்ணியைப் பாரு. பயத்துலயே பாதி ஆளாயிட்டா.”

அவன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். பேசுவதற்கு முன் அவனுக்கு அது வேண்டும்.

“தெசெங், நம்மகூட வந்தவங்க ஒவ்வொருத்தனா நினைச்சுப் பாரு. என்னைவிட திடகாத்திரமானவன் எத்தனை பேரு? எல்லாம் போயிட்டானுங்க. நான் மட்டும் ஏன் இருக்கேன்?”

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு மறுபடி சொன்னான்.

“அவனுங்களுக்கு யாரும் காலை நேர்ந்துவிடல. எனக்கு விட்டிருக்கா. நான் போயி பத்தி ஏத்தற வரைக்கும் சாமி என்னை விட மாட்டாரு. ஏத்திட்டேன்னா? அப்புறம் எதுக்குடா என்னை வச்சுக்கணும்?” அவன் ஜன்னல் வழியே மனைவியைப் பார்த்தான். “அவகிட்ட சொல்லிராதே. அவ வாயால நேர்ந்தது. தெரிஞ்சா தாங்க மாட்டா.”

நான் சொல்லவில்லை. மலைராசா அப்படியெல்லாம் கணக்குப் பார்ப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது சவப்பெட்டியைத் தோள் கொடுத்துத் தூக்கியவன் நான். அவன் சொன்னதைப் பைத்தியக்காரத்தனம் என்று ஒதுக்கித்தள்ள என்னால் முடியவில்லை. பட்டியலில் அவன் பெயரை அடித்தேன். தீட்டு உண்மைதான் என்று மன்யிங்கிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன். நானும் சேர்ந்துதான் அவளை ஏமாற்றினேன்.

வீட்டில் எது கெட்டுப்போனாலும் அவளுக்கு ஒரே காரணம்தான். பன்றி செத்தது, செலுத்தாத நேர்த்தி. லெய் வேலை பார்த்த பட்டறை மூடியது, செலுத்தாத நேர்த்தி. போன குளிர்காலத்தில் ஷியாவ்லானுக்கு நாலாம் மாதம் கரு கலைந்தபோது மன்யிங் அடுப்பின் முன்னால் போய் உட்கார்ந்துகொண்டாள், அவ்வளவுதான்.

இந்த வருடம் ஷியாவ்லான் மறுபடி உண்டானாள். நாங்கள் மலைக்குக் கிளம்ப ஒரு மாதம் இருக்கும்போது அவளுக்கு உதிரம் கண்டது. அசையாமல் படுத்திரு என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துவிட்டார்கள். மன்யிங் அங்கிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தாள். செருப்பெல்லாம் சேறு.

“அவருக்குப் பதிலா என் பேரை எழுதுங்க தெசெங். அடிவாரத்துலேர்ந்து முட்டி போட்டே ஏறறேன். உச்சி வரைக்கும் ஏறறேன். சாமி ஒத்துக்குமா? நீங்க எத்தனை வருஷமா போறீங்க, உங்களுக்குத் தெரியாதா?”

உண்மை என் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினேன். “கேட்டுச் சொல்றேன் அண்ணி” என்றேன். யாரைக் கேட்பேன்?

அன்று வீட்டுக்குப் போய் அவள் முதல்முறையாக அவனைத் திட்டியிருக்கிறாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாத வீட்டில் பிள்ளை எப்படித் தங்கும் என்று கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை சாங்கன் எனக்கு ஆள் அனுப்பினான்.

“முதல் பேரா என் பேரை எழுது” என்றான்.

போன வருடம் அவனை அந்தத் திட்டுத் திட்டியவன் நான். இப்போது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “இந்த வருஷம் மழை ஜாஸ்தின்னு சொல்றாங்க.”

“பெய்யட்டும்.”

“புயல் வேற வருதாம்.”

“கடல் எங்க இருக்கு, நாம எங்க இருக்கோம்?”

“உன் மாமன் மவனோட மாமியா இழுத்துக்கிட்டுக் கிடக்கறாளாம். ஏதாவது ஆச்சுன்னா தீட்டு...”

“டேய், உனக்குப் பொய் சொல்லவே வராது. விட்டுடு.” அவன் சிரித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகுநேரம் ஆனது. பிறகு சொன்னான்: “ஆறு வருஷம் இருந்துட்டேன்டா. கல்யாணம் பாத்தேன். நான் இருக்கறதுக்கு அந்தக் குழந்தை போகணும்னா, அப்படி ஒரு மூச்சு எனக்கு வேண்டாம்.”

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை. அவன் நோட்டைப் புரட்டிக்கொண்டு, நான் முடிக்கும் வரை காத்திருந்தான்.

இந்தமுறை போட்டது நிஜமான திட்டம். வேனில் டிரைவருக்குப் பக்கத்து இருக்கை. தலையணை மாதிரி ஊதின நீல ஆக்சிஜன் பை ஆறு. பஸ் நிற்கும் இடத்திலிருந்து லெய் அவனை முதுகில் சுமப்பான், நான் பின்னாலிருந்து தாங்குவேன். கோயில் வாசலுக்கு முன்னால் இருக்கிற கடைசி ஒன்பது படியை மட்டும் அவன் தன் காலில் ஏறுவான். படிக்கு ஒருமுறை ஸ்டூலைப் போட்டு உட்கார வைக்க வேண்டும். அடிவாரப் பெரிய கோயிலிலேயே பத்தி ஏற்றினால் போதும், மனசு வந்தால் சாமிக்குச் சம்மதம் என்று அங்கிருந்த வயதான துறவி ஒருவர் சொன்னதாக நான் சொல்லிப் பார்த்தேன்.

“அவருக்கென்ன, அவர் காலையா நேர்ந்துவிட்டாங்க? உச்சின்னா உச்சிதான்” என்றான்.

டாக்டர் கூடவே கூடாது என்றார். மேலே காற்று மெலிந்து இருக்கும், இவன் நுரையீரல் தாங்காது என்றார். மன்யிங் அவருக்கு ஒரு பை நிறைய வேர்க்கடலை கொடுத்து, “போயிட்டு வந்து உங்களைப் பாக்கறோம் டாக்டர், அப்ப பாருங்க எப்படி இருக்காருன்னு” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அவளுக்கு அதுதான் நம்பிக்கை. சொன்ன சொல் நிறைவேறாததால்தான் சாமி காலைக் கொடுக்காமல் வைத்திருக்கிறார், பத்தி ஏற்றிவிட்டால் மிச்சத்தையும் கொடுத்துவிடுவார். இந்த ஒரு மாதமாக அவளை மாதிரி சந்தோஷமான மனுஷி ஊரில் இல்லை. ஷியாவ்லானுக்கு உதிரம் நின்றுவிட்டது, வீட்டுக்கும் வந்துவிட்டாள். சாங்கன் பெயர் கொடுத்த நாளிலிருந்தே நின்றது என்று மன்யிங் வீடு வீடாகச் சொல்லி வருகிறாள்.

நேற்று விரதத்தின் முதல் நாள். வேலை இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சாங்கன் மிளகாய் போட்ட டோஃபுவை முறைத்துக்கொண்டிருந்தான்.

“சாமிக்குப் புகைபோட்ட கறி மேல என்னடா கோபம்? போற நேரத்துல ஒரு துண்டு தின்னா என்ன?” என்றான்.

“வந்து தின்னுங்க. அடுப்புக்கு மேல பெரிய துண்டாத் தொங்க விட்டிருக்கேன்” என்றாள் மன்யிங்.

பிறகு யாத்திரைக்கென்று தைத்து முடித்த சிவப்பு மார்புத்துணியைக் கொண்டுவந்து அவனுக்குக் கட்டிப் பார்த்தாள். அவளுக்கு நினைவில் இருந்தது பழைய சாங்கனின் அளவு. துணி இரண்டு பக்கமும் தொங்கியது. அவள் பின்னால் மடித்து ஊசி குத்தினாள். “வந்ததும் உடம்பு தேறிடும். அதுக்கு இதுதான் சரியான அளவு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவன் குழந்தை மாதிரி கையைத் தூக்கிக் கொடுத்தபடி உட்கார்ந்திருந்தான்.

நான் பட்டியலை எடுத்து ஒருமுறை வாசித்துக் காட்டினேன். முதல் பெயர் லியாவ் சாங்கன். மன்யிங்குக்கு முகமெல்லாம் சிரிப்பு.

“தெசெங், அடுத்த வருஷத்துக்கும் ரெண்டு சீட்டு இப்பவே எழுதி வச்சிருங்க” என்றாள். “நேர்த்தி ஒண்ணும் இல்ல. சும்மா போய்ப் பாத்துட்டு வரலாம். அன்னிக்கு நேர்ந்துக்கப் போனப்ப பயந்துகிட்டே ஏறினேன், மலை எப்படி இருக்குன்னுகூடப் பாக்கல.”

நான் சாங்கனைப் பார்த்தேன்.

“எழுதுடா” என்றான் அவன். “ஜன்னலோரமாப் போடு.”

புதுப் பக்கம் திருப்பி, மேலே அடுத்த வருடம் என்று போட்டேன். மன்யிங் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல இருக்கற மாதிரி எழுதுங்க” என்றாள்.

பக்கத்தில் பக்கத்தில்தான் எழுதினேன்.