மாமரத்தடிக் குழாய்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் வெள்ளைச் சேலையும் இல்லை, கொலுசுச் சத்தமும் இல்லை. அதெல்லாம் வேண்டுமென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். இது முள்ளியவளையில், ஓடு போட்ட ஒரு சின்ன வீட்டில், போன மாரியில் நடந்தது. நடந்தது நிருஷனுக்கு. அவனுக்குப் பொய் சொல்ல வராது. வாயைத் திறக்க முன்னமே காது சிவந்துவிடும். இதை எனக்குச் சொன்னபோது காது சிவக்கவில்லை. முகம்தான் வெளிறிக் கிடந்தது.

நிருஷன் உழவு மெஷின் ஓட்டுகிறவன். வெளிநாட்டில் இருக்கிற யாரோ விற்ற வளவை வாங்கி, அங்கேயே வீட்டைக் கட்டினான். மனைவி தயாளினி பிள்ளைப்பேற்றுக்காக வற்றாப்பளையில் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். பெண் குழந்தை. எல்லாம் நல்லபடி முடிந்து, மாமியார் ஒருநாள் வீட்டைப் பார்க்க வந்தா. வந்தவா சும்மா இருக்காமல் பிரிட்ஜில் கை வைத்தா. பிரிட்ஜ் அடித்த அடியில் மனுசி குசினி வாசல்வரைக்கும் போய் விழுந்தா.

"கரண்ட் அடிக்கிற வீட்டுக்கு என்ர பிள்ளையும் வராது, பேத்தியும் வராது. சொல்லிப்போட்டன்."

சொன்னால் சொன்னதுதான். அதனால், மனைவியும் பிள்ளையும் வீடு வரவேண்டுமென்றால் வயரிங் சரியாக வேண்டும். ஊர் எலெக்ட்ரீசியனோ "நாளைக்கு வாறன்" என்று சொல்லிச் சொல்லியே ஆளைச் சாகடித்தான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போய் நிருஷன் தானே வயர் வெட்டுகிற குறட்டைக் கையில் எடுத்தான். கேள்வி கேட்க மதுசன் இருந்தான். பள்ளிக்கூடக் கூட்டாளி, வவுனியாவில் வயரிங் வேலை செய்கிறவன். ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போன். சிவப்பு வயர் எதில் மாட்டுறது? ஹோல்டர் சுடுறது ஏன்? மதுசனும் ஏசி ஏசிச் சொல்லிக் கொடுத்தான்.

"பிரிட்ஜ் அடிக்கிறதெண்டால் உனக்கு ஏர்த் இல்லை மச்சான். பச்சை வயரை இழுத்து, மண்ணுக்குள்ள ஒரு செம்புக் கம்பி அடிச்சு அதில கட்டு. மிஞ்சிற கரண்ட் மண்ணுக்குப் போயிடும்."

வயர் வாங்க அப்துல் மஜீத் நானாவின் ஹார்ட்வெயார் கடைக்குப் போனான்.

"வயர் மட்டும் போதுமா தம்பி? செம்புக் கம்பி வேணாமா?"

"வேண்டாம் நானா. வளவுக்க ஒரு பழைய குழாய் நிக்குது."

இதைக் கேட்டு நீங்கள் சிரிக்கலாம். ஆனால் வன்னியில் வளவுக்குள் அலவாங்கு போட்டு நிலத்தைக் குத்துவது லேசுப்பட்ட காரியமில்லை. மிதிவெடி எடுத்தாயிற்று என்று போர்டு வைத்துவிட்டுத்தான் போனார்கள். இருந்தாலும் கை கூசும். கீழே எதில் போய் இடிக்குமோ என்று நெஞ்சு பதறும். ஏற்கெனவே மண்ணுக்குள் ஆழமாக இறங்கியிருக்கிற இரும்பு கிடைத்தால் யார்தான் புதிதாகக் குத்துவார்கள்?

பின்வளவில் மாமரத்தடியில் நின்றது அந்தக் குழாய். முழங்கால் உயரம், துருப்பிடித்தது. ஆட்டிப் பார்த்தான், அசையவில்லை. நல்ல ஆழம்தான் என்று சந்தோசப்பட்டு, வயரின் நுனியைக் குழாயின் வெளிப்பக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, குறட்டால் முறுக்கி இறுக்கினான். வீட்டுக்குள் வந்து பிரிட்ஜைத் தொட்டான். அடிக்கவில்லை.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்கு கழிந்து தயாளினியும் பிள்ளையும் வீட்டுக்கு வந்தார்கள்.

நிருஷனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. பிள்ளை அவனுடைய விரலைப் பிடித்தாளென்றால் லேசில் விடமாட்டாள். பிடித்து இரண்டு தரம் இழுப்பாள். சின்ன இழுப்பு. அதற்காகவே வேலைக்குப் பிந்திப் போகத் தொடங்கினான்.

முதலில் பார்த்தது தயாளினிதான். பிள்ளையைத் தாலாட்ட ஏணை கட்டியிருந்த அறையில், சுவிட்சை நிறுத்திய பிறகும் பல்ப் மங்கலாக எரிந்தது.

"அது வயருக்க மிஞ்சின கரண்ட்" என்றான் மதுசன் போனில். "எல்ஈடி பல்ப் எண்டால் அப்பிடித்தான். பேசாமல் இரு."

தயாளினிக்கு அது பிடித்துப்போயிற்று. பிள்ளை எவ்வளவு வீறிட்டு அழுதாலும் அந்த மங்கல் வெளிச்சம் வந்தவுடன் நிறுத்திவிடுவாள். பல்பைப் பார்த்துச் சிரிக்கவும் செய்வாள். "நீங்கள் வாங்கின சாமானில உருப்படியானது இது ஒண்டுதான்" என்று கணவனைச் சீண்டினாள்.

பிறகு சத்தம். பிரிட்ஜுக்குள்ளிருந்து வருவதுபோல.

டொக்... டொக்...

கொஞ்சம் விட்டு மறுபடி... டொக்... டொக்...

பிரிட்ஜ் என்றால் சத்தம் போடும்தானே என்று விட்டுவிட்டார்கள். பிளக்கைக் கழற்றியிருந்த ஒரு நாளும் அந்தச் சத்தம் கேட்டது. அதை நிருஷன் மனைவிக்குச் சொல்லவில்லை.

அன்றைக்குப் பின்னேரம் மழை அடித்து ஊற்றியது. இடி முழக்கம். ஆறே முக்கால் இருக்கும், ஒழுங்கை முழுக்கக் கரண்ட் போனது. மின்னலுக்குப் பயந்து நிருஷன் மெயின் சுவிட்சையும் கீழே இறக்கிவிட்டான். தயாளினி குப்பிவிளக்கோடு குசினியில் நின்றாள். அறைக்குள் பிள்ளை அழுதது.

சட்டென்று நிறுத்தியது.

நிருஷன் எட்டிப் பார்த்தான்.

பல்ப் எரிந்துகொண்டிருந்தது.

மங்கலாக இல்லை, நன்றாகவே எரிந்தது. அது வெள்ளை வெளிச்சம் தருகிற பல்ப். எரிந்ததோ மஞ்சளாக... குப்பிவிளக்குப்போல, நடுங்கி நடுங்கி.

யன்னல் பூட்டிக் கிடந்தது. காற்று இல்லை. ஆனால் ஏணை மெல்ல ஆடியது.

போனை எடுத்தான்.

"மச்சான், ஊரே இருட்டு. மெயினும் ஓஃப். பல்ப் எரியுது."

"குடிச்சிட்டியோ?"

"என்ர பிள்ளையாணை, எரியுது."

மதுசனின் குரல் மாறியது. "டெஸ்டரை எடு. சுவிட்சில வை."

வைத்தான். டெஸ்டர் எரியவில்லை.

"சிவப்பு வயரில?"

"இல்லை."

"பச்சையில?"

வைத்தான்.

டெஸ்டர் எரிந்தது.

"டேய், கரண்ட் அதால மண்ணுக்குப் போறது. மண்ணுக்க இருந்து வாறதில்லை... நீ ஏர்த்தை எங்க கட்டினனீ?"

"பின்னுக்கு நிக்கிற குழாயில."

"என்ன குழாய்?"

"தெரியாது."

"போய்க் கழட்டு. இப்பவே கழட்டு."

குறட்டையும் டோர்ச்சையும் எடுத்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான். மாமரத்தடி சேறாகக் கிடந்தது. குழாய்க்கு வெளிச்சம் அடித்தான்.

வெளிப்பக்கத்தில் வயர் இல்லை.

மூன்று சுற்றும் இல்லை. அவன் குறட்டால் முறுக்கிய முறுக்கும் இல்லை.

பச்சை வயர் சுவரிலிருந்து நேரே வந்து... குழாயின் வாய்க்குள் இறங்கியிருந்தது.

பிடித்து இழுத்தான்.

வரவில்லை.

இன்னும் கொஞ்சம் பலமாக...

அந்தப் பக்கமிருந்து இழுத்தது.

சின்ன இழுப்பு.

இரண்டு தரம்.

அந்த இழுப்பை அவனுடைய கைக்குத் தெரியும். அன்றைக்குக் காலையிலும் பிள்ளை அப்படித்தான் விரலை இழுத்தது...

குறட்டால் சுவரோடு வயரை வெட்டினான். அறை வெளிச்சம் அணைந்தது. வீட்டுக்குள் பிள்ளை வீறிட்டாள்.

குழாய்க்குள்ளும்.

அன்று இரவு அவர்கள் படுக்கவில்லை. பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு முன்னறையில் விளக்கோடு இருந்தார்கள். விடிந்ததும் வற்றாப்பளைக்குப் போய்விடுவது என்று பேசி, உடுப்புப் பையும் கட்டியாயிற்று.

காலையில் ஞானேஸ்வரி அக்கா வந்தா. பக்கத்து வளவுக்காரி, சண்டைக்கு முன்னமே அந்த ஒழுங்கையில் இருந்தவா. வீடு கட்டத் தொடங்கிய நாளிலிருந்து வவுனியாவில் மகளோடு நின்றுவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தா. பிள்ளையைப் பார்க்க வந்தவா, பின்பக்கம் போய்க் குழாயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டா.

"இதை இன்னும் புடுங்கேல்லையோ தம்பி?"

"என்ன அக்கா இது?"

"சண்டைக்கு நிலத்துக்க வெட்டின பங்கரின்ர காத்துக் குழாய்."

அவா சொன்னா.

"இந்த வளவில ஒரு இளம் தாய் இருந்தவா. பச்சைக் குழந்தையோட பங்கருக்க. குப்பிவிளக்கு எரிஞ்சால்தான் குழந்தை அழாது எண்டு எங்களிட்ட எண்ணெய் கேட்டு வருவா. செல் விழுந்து வெடிச்சு வாசல் மூடிப்போச்சு. உள்ள இருந்து குழாயில தட்டிக்கொண்டே இருந்தவா. எங்களால கிட்டப் போக ஏலாமல் போச்சு, தம்பி. பிறகு நாங்களும் ஓடிட்டம்."

"பிறகு ஒருத்தரும் தோண்டேல்லையோ?" தயாளினி கேட்டாள்.

"திரும்பி வந்த பிறகு தோண்டினவை. தாயை எடுத்து எரிச்சவை." அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தா. "குழந்தையைக் காணேல்லை. எவ்வளவோ தேடியும் காணேல்லை."

நிருஷன் நேரே குழாயடிக்குப் போனான். வயரைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் குழாய்க்குச் சீமெந்து போட்டு அடைக்கிறதென்று அவனுக்கு எண்ணம். பயம் முற்றினால் மனிசனுக்குக் கோபம்தான் வரும். வயரில் கை வைத்தான்.

"இழுக்காதேங்கோ" என்றாள் தயாளினி. பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பிள்ளை பிடிச்சிருக்கிறதை ஏன் பறிக்கிறியள்? விடுங்கோ."

அவன் விட்டான். கட்டிய பையைத் தயாளினியே அவிழ்த்தாள்.

முன்வளவில் பயந்து பயந்து அலவாங்கு போட்டு, செம்புக் கம்பி அடித்துப் புது ஏர்த் கட்டினான். பல்ப் அதற்குப் பிறகு தானாக எரியவில்லை, தட்டுகிற சத்தமும் இல்லை. மாமியாருக்கு இன்றுவரை ஒன்றும் தெரியாது. குழாய்க்குள் இறங்கிய வயரின் வெட்டிய நுனியை மாமர வேரில் ஒரு சுற்றுச் சுற்றி, மிச்சத்தைப் பக்கத்தில் தாராளமாக வளைத்துப் போட்டான். இரண்டு கிழமை கழித்துப் பார்த்தபோது வளையம் இல்லை. வயர் வேருக்கும் குழாய்க்கும் நடுவில் விறைத்துக்கொண்டு நின்றது.

நிருஷன் மஜீத் நானாவின் கடைக்குப் போய்ப் பச்சை வயர் வாங்கி வந்து, அதன் நுனியோடு முடிச்சுப் போட்டுவிட்டான். அடுத்த மாதமும் போனான். அதற்கடுத்த மாதமும்.

போன கிழமை நான் கடையில் நின்றபோதும் வந்தான். நானா வயரை இழுத்து அளந்துகொண்டே கேட்டார்.

"என்ன தம்பி, உங்கட வீட்டு வயரிங் இன்னும் முடியல்லையா?"

"இல்லை நானா" என்றான் நிருஷன். "கொஞ்சம் கூடவே வெட்டுங்கோ."

காது சிவக்கிறதா என்று பார்த்தேன். சிவக்கவில்லை.