இட்லிக் கொப்பரைக்குப் போன ரஷ்யா கோட்டு

“…கொப்பரையத் திருப்பித் தந்துருதேன், நீ கோட்டத் தந்துரும்மா. எங்க வீட்ல அவிய சாயங்காலம் லாண்டரிக்குப் போறதுக்குள்ள அது பீரோவுல தொங்கணும்.”

தெருமுனையிலேயே பேச ஆரம்பித்திருக்க வேண்டும். என் காதில் விழுந்தது கொப்பரையிலிருந்துதான். ஐம்பதைத் தாண்டிய ஒரு அம்மா, துண்டில் சுற்றிய எவர்சில்வர் இட்லிக் குண்டானை என் வீட்டு வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆவடி குவார்ட்டர்ஸிலிருந்து சேக்காடு வரை அதைச் சுமந்துகொண்டு நடந்தே வந்திருக்கிறார். துண்டை விலக்கிப் பார்த்தேன். தட்டுகளில் ஈரம் காயவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை இட்லியை எடுத்த கையோடு கழுவிக் கொண்டு வந்திருந்தார்.

“அக்கா, இந்தக் குண்டானை நான் குடுக்கலையே. பாத்திரக்காரம்மாதானே குடுத்துது?”

“அவகிட்டதான் மொதல்ல போனேன். கோட்டெல்லாம் உன்கிட்டதான் வந்து சேரும்னு வழி சொல்லி அனுப்பிட்டா.”

பாத்திரக்காரம்மா சொன்னது உண்மைதான். ஆண்களெல்லாம் ராணுவத் தொழிற்சாலைக்குள் போன பிறகு, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பாத்திரக்காரம்மா குவார்ட்டர்ஸ் தெருக்களில் குரல் கொடுத்துக்கொண்டு போகும். பழைய புடவை, பேண்ட், சட்டையெல்லாம் போட்டால் எவர்சில்வர் பாத்திரம். பேரம் முடிய அரை மணி நேரம் ஆகும். எனக்கு மனிதர்கள் பேசுவதைக் கேட்கப் பிடிக்கும் என்பதால் சில நாள் கூடவே நடந்திருக்கிறேன். “புருசன் சட்டையைப் போடறப்ப சிரிச்சிகினே போடுவாளுங்க. தன் புடவையைப் போடறப்பதான் திருப்பித் திருப்பிப் பாப்பாளுங்க” என்று அது சொல்லும். மூட்டை மூட்டையாகச் சேரும் துணி பட்டணத்து மொத்த வியாபாரிக்குப் போய்விடும். கோட்டு கிடைத்தால் மட்டும் என்னிடம் வரும். “இந்த வெயில்ல எவன் போடுவான் இதை? நீயே வச்சிக்க. உனக்குத்தான் கோட்டுப் பைத்தியம் புட்ச்சிகீது.”

பைத்தியம் என்றாலும் சரிதான். என் கொழுந்தனார் கல்யாணத்தில் ஆரம்பித்தது. அப்போதெல்லாம் வரவேற்பு மேடையில் மாப்பிள்ளை கோட்டு சூட்டோடு நின்றாக வேண்டும், சித்திரை வெயிலாக இருந்தாலும் சரி. புதிதாகத் தைக்க வசதியில்லை. பாத்திரக்காரம்மாவின் மூட்டையிலிருந்து ஒரு பழைய கோட்டை எடுத்து, பூந்தமல்லியில் ஒரு தையல்கார பாயிடம் கொடுத்து அளவு மாற்றி மாட்டிவிட்டேன். மேடையேறி வந்தவர்கள் பெண்ணைப் பார்த்தார்களோ இல்லையோ, கோட்டைத் தடவிப் பார்த்தார்கள். மறு வாரமே அம்பத்தூரிலிருந்து ஒருவர் தன் மாப்பிள்ளைக்குக் கேட்டு வந்துவிட்டார். அப்படியே அது ஒரு தொழிலாகிவிட்டது.

நான் படித்தது எட்டாவது. கோட்டைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பிரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். கைக்குள் கசக்கிப் பிடித்து விட்டுவிட்டால் நல்ல கம்பளித் துணி பெருமூச்சு விடுவது போல மெதுவாக விரியும். மார்புப் பக்கத்து மடிப்பை இரண்டு விரலால் உருட்டினால், நடுவில் குதிரைமுடி கலந்த கேன்வாஸ் தனியாக நகர வேண்டும். பசை போட்டு ஒட்டியது என்றால் அட்டை மாதிரி விறைத்து நிற்கும். ஆஸ்திரேலியா போன ஒரு ஆங்கிலோ இந்திய அம்மாவிடமிருந்து தரையைத் தொடும் கறுப்பு வெல்வெட் கவுன் ஒன்று வாங்கினேன். லண்டனில் வாங்கியதாம், முதுகில் துணியே கிடையாது. அது விற்கவேயில்லை. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும், “இதுல பாதி எங்கம்மா காணோம்?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

என்னிடம் இருந்ததிலேயே உசத்தி ரஷ்யா கோட்டுகள்தான். ஒரு காலத்தில் தொழிற்சாலையிலிருந்து ஆட்களைப் பயிற்சிக்கு ரஷ்யா அனுப்பினார்கள். குளிர் தேசம் போகிறவன் கோட்டு தைத்துக்கொள்ள வேண்டும் என்று, வாழ்நாளில் வேட்டியும் காக்கியும் தவிர எதையும் கட்டாதவர்கள் மவுண்ட் ரோடு கடையில் போய் அளவு கொடுத்தார்கள். திரும்பி வந்ததும் கோட்டு பீரோவுக்குள் போனது. வருஷத்துக்கு ஒரு தரம் வெயிலில் காய்ந்து, புது ரசகற்பூர உருண்டையோடு மறுபடி உள்ளே போகும். அந்தக் கோட்டுகளை நான் பார்த்தவுடனே கண்டுபிடித்துவிடுவேன். காலருக்குள் ஆணியில் மாட்ட ஒரு வளையம் இருக்கும் அல்லவா, அது நைந்திருக்கும். அந்த ஊரில் எந்த வாசலிலும் கோட்டைக் கழற்றி மாட்டினால்தான் உள்ளே விடுவார்களாம்.

இந்த அம்மாவின் கோட்டு கரிச்சாம்பல் நிறம். இரட்டை வரிசைப் பொத்தான். உள்ளே நாவல்பழச் சாறு மாதிரி ஒரு பட்டு லைனிங். அன்று அது என் வீட்டில் இல்லை. ஒரு ஒல்லியான மாப்பிள்ளைக்காகப் பிடித்துத் தைக்க பூந்தமல்லி பாயிடம் போயிருந்தது.

அதைச் சொன்னதும் அந்த அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“வெட்டிருப்பாவளோ?”

“தெரியலக்கா. வாங்க, போய்ப் பாத்துடலாம்.”

குண்டானை உள்ளே வைத்துவிட்டுக் கிளம்பினோம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தேன். பஸ் பருத்திப்பட்டைத் தாண்டியது. பிறகு தானாகவே ஆரம்பித்தார்.

“இந்த மாசத்தோட அவியளுக்கு ரிட்டயர்மெண்ட். மாலை போட்டு போட்டோ எடுப்பாவள்லா. அதுக்குக் கோட்டு வேணுமாம். முன்னெல்லாம் அது பேச்சையே எடுக்க மாட்டாவ. இப்ப டிவியில ரஷ்யா இனிமே இல்ல, துண்டு துண்டாப் போயிட்டுன்னு சொன்னாம்லா, அன்னையிலருந்து பிடிச்சுக்கிட்டாவ. ‘நான் நின்ன ஊரே இல்லைங்கான், கோட்டாவது இருக்கட்டும்’னு சொல்லுதாவ.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“லாண்டரிக்குப் போட்டிருக்குன்னேன். மறுநாளும் கேட்டாவ. லாண்டரிக்காரன் ஊருக்குப் போயிருக்கான்னேன். இன்னைக்குக் காலையில, ‘நீ செரமப்படாண்டாம், சாயங்காலம் நானே போயி வாங்கிட்டு வாரேன்’னுட்டாவ. இட்லி ஒண்ணு தொண்டையில எறங்கல எனக்கு.”

“பழைய துணியோட சேந்து தெரியாமப் போயிடுச்சின்னு சொல்லிடலாமேக்கா. குவார்ட்டர்ஸ்ல பாதி பேரு அப்டித்தானே போட்டிருக்காங்க.”

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். காடுவெட்டியில் ஏறிய கூட்டம் எங்கள் மேல் சாய்ந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பூந்தமல்லி வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

பாய் கடை சின்னதுதான். ஒரு மெஷின், ஒரு வெட்டு மேஜை, கரி போட்டுத் தேய்க்கும் இஸ்திரிப் பெட்டி. எங்களைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“இன்னாம்மா, புதன்கிழமை வரச் சொன்னா இன்னிக்கே வந்துகினே? மாப்ளைக்கு அவ்ளோ அவசரமா?”

“மாப்பிள்ளை இல்ல பாய். கோட்டுக்குச் சொந்தக்காரங்க வந்துகீறாங்க. வெட்டிட்டியா?”

பாய் மேஜைமேல் கிடந்த பழைய வேட்டியை விலக்கினார். கோட்டு துண்டு துண்டாகக் கிடந்தது. கை இரண்டும் தனி. முதுகு தனி. லைனிங் உரித்த தோல் மாதிரி ஒரு பக்கம். மார்புத் துண்டுகளில் மஞ்சள் கேன்வாஸ் வெளியே தெரிந்தது, அதன்மேல் யாரோ ஒரு மவுண்ட் ரோட்டுக்காரர் கையால் போட்ட ஆயிரம் சின்னத் தையல். அந்த அம்மா மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“பயந்துக்காதம்மா” என்றார் பாய். “தையலைத்தான் பிரிச்சிருக்கேன். சாக்பீஸ்லதான் கோடு போட்டிருக்கேன். மாப்ளை வந்து ட்ரையல் பாக்காம நான் கத்திரிய எடுக்க மாட்டேன். கத்திரி வச்சா அப்புறம் அல்லா வந்தாலும் ஒட்ட முடியாது. தோ, டீ குடிச்சிகினு உக்காருங்க. நாலு மணிக்குள்ள சேத்துக் குடுத்துடறேன், பிரிச்சதே தெரியாது.” பிறகு என் பக்கம் தலையைச் சாய்த்து, “மாப்ளைக்கு இன்னா சொல்லப் போறே?” என்றார்.

“வேற ஒண்ணு பாத்துத் தரேன் பாய். நீ சேத்துடு.”

எனக்கு மூச்சு வந்தது. நாலு மணிக்குக் கோட்டு, ஐந்துக்கு ஆவடி, அவர் கணவர் செருப்பைப் போடுவதற்குள் பீரோ. பாய் ஊசியில் நூலைக் கோத்துவிட்டார். ஒரு கையை எடுத்துத் தோள்பட்டையில் பொருத்திப் பார்த்தார்.

“பொறுங்க” என்றார் அந்த அம்மா.

அருகில் போய் அந்தக் கையைத் தொட்டார். பிறகு லைனிங்கை, பிறகு கேன்வாஸை. காய்கறி பொறுக்குவது போல ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து வைத்தார்.

“இம்புட்டுத்தானா இது” என்றார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன்.

“மறந்துபோயிப் போட்டுட்டேன்னு நெனச்சுட்டுதானம்மா கூட்டிட்டு வந்தே. மறக்கல்ல. அவிய ரஷ்யாவுல இருக்கும்போது எனக்கு மூத்த பிள்ளை பிறந்து, பதினாறாம் நாளு கழியதுக்குள்ள செத்துப்போச்சு. எங்க ஊருலருந்து ஆளு வந்து சேரதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுட்டு. பக்கத்து வீட்டு ஆம்பளையாளுவதான் எடுத்துட்டுப் போனாவ. தந்தி அடிச்சோம். அங்கருந்து வர முடியுமா? அவியளக் குத்தம் சொல்லல்ல. பயிற்சி முடிஞ்சு வந்தாவ. ஸ்டேசன்லருந்து இந்தக் கோட்டப் போட்டுட்டே நடந்து வந்தாவ, அந்த வேக்காட்டுல. தெருவே திரண்டுட்டு. தொட்டுப் பாக்குதாவ, மோந்து பாக்குதாவ, பிள்ளையள்லாம் கைக்குள்ள கையை விடுது. எல்லாரும் சிரிக்காவ, அவியளும் சிரிக்காவ. நான் வாசல்ல நிக்கேன். ராத்திரி அதக் கழத்தி என் கையில தந்து, ‘பத்திரமா மாட்டு’ன்னாவ. மாட்டினேன். பிள்ளையப் பத்தி அவிய ஒரு வார்த்தை கேக்கல்ல. நானும் சொல்லல்ல. அதுக்கப்புறம் ரெண்டு பிறந்து, ரெண்டையும் கட்டிக்கொடுத்தாச்சு. அந்தப் பேச்சு வரவே இல்ல.”

பாய் ஊசியைத் தன் சட்டையில் குத்திக்கொண்டார்.

“வருசா வருசம் வெயில்ல போட்டு எடுப்பேன். அன்னைக்குப் பாத்திரக்காரி சத்தம் கேட்டுது. கை தானா எடுத்துட்டு. இட்லிக் கொப்பரை வேணும்னுகூட நான் கேக்கல்ல, அவளாத்தான் தந்தா.”

பேச்சுக்குப் பஞ்சமில்லாதவள் என்று எல்லாரும் சொல்கிற நான், கடைசியில் தொழில் பேச்சைத்தான் பேசினேன்.

“அக்கா, பாய் சேத்துடுவாரு. உங்க வீட்டுக்காரருக்கு எதுவும் தெரிய வேணாம். எடுத்துக்கினு போயிடலாம்.”

“எடுத்துட்டுப் போனா?” என்று கேட்டார். கோபமாக இல்லை. உண்மையாகவே என்னிடம் கேட்டார். “போட்டுக்கிட்டு போட்டோ எடுத்துக்கிடுவாவ. நாளைக்கு மறுபடி என் கையில தந்து மாட்டுன்னு சொல்லுவாவ. நான் மாட்டணும்.”

பாய் கோட்டின் கையை மெல்ல மேஜைமேல் வைத்தார். “எங்க ஊட்லயும் ஒண்ணு போச்சும்மா” என்றார். “பேசணும். பேசலைன்னா சோறு ஜெரிக்காது.” கரிப் பெட்டியில் ஊதினார், சாம்பல் பறந்தது.

அந்த அம்மா பழைய வேட்டியை எடுத்துத் துண்டுகளின் மேல் தானே போர்த்தினார். “அந்தப் பையனுக்கே தையுங்க. நல்லாருக்கட்டும்” என்றார்.

“யோசிச்சிக்க. சாயங்காலம் வரைக்கும் கை வைக்க மாட்டேன்” என்றார் பாய்.

“வேண்டாம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் என் கையை அவர் கையின் மேல் வைத்துக்கொண்டேன். இறங்கியதும் என் தெருவுக்குத் திரும்பாமல் அவரோடு குவார்ட்டர்ஸ் வரை நடந்தேன். வழியில் ஒரு தரம் மட்டும், “சத்தம் போடுவாவளோ” என்றார். சிறிது தூரம் போய், “சத்தம் போட்டாக்கூடப் பரவால்ல, சும்மா இருந்துட்டாத்தான்…” என்று நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் குவார்ட்டர்ஸ் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. எல்லா வீட்டுக் கதவும் திறந்து கிடந்தது. ஒரே படத்தின் சத்தம் எல்லா வீட்டு டிவியிலிருந்தும் வந்தது. பிள்ளைகள் ஒரு வீட்டில் நுழைந்து இன்னொரு வீட்டில் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். இருட்டும் வரை அங்கே யாரும் கதவைச் சாத்துவது கிடையாது. சாத்தினால் என்னவோ ஏதோ என்று பக்கத்து வீட்டிலிருந்து ஓடி வருவார்கள்.

அவர் கணவர் முன்னறையில் நாற்காலியில் இருந்தார். பனியனும் வேட்டியும். மெலிந்த மனிதர், முகத்தில் அப்போதுதான் சவரம் செய்த பளபளப்பு. எங்களைப் பார்த்ததும் எழுந்து டிவியின் சத்தத்தைக் குறைத்தார். பக்கத்தில் முக்காலியின் மேல் ஒரு டை சுருட்டி வைத்திருந்தது.

“லாண்டரிக்காரன் தந்துட்டானா?” என்றார், மனைவியின் கைகளைப் பார்த்துக்கொண்டே. “இது யாரு?”

அந்த அம்மா செருப்பைக் கழற்றினார். உள்ளே போய் அவருக்கு எதிரே நின்றார்.

“கோட்டு லாண்டரிக்குப் போகல்ல” என்றார்.

“பின்ன?”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். “நீ போயிட்டு வாம்மா” என்றார். நான் படியிறங்கினேன். எதிர்வீட்டு அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். ஒரு பையன் பந்தைத் தேடிக்கொண்டு அந்த வாசலை நோக்கி ஓடி வந்தான்.

அந்த அம்மா இரண்டு கதவுகளையும் இழுத்துச் சாத்தி, உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டார்.