முதல் நிரைக்காரி

ராக்கம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. கோத்தகிரிப் பக்கம் கட்டபெட்டுக்குக் கீழே இருக்கும் அந்த எஸ்டேட்டில் இது ஊரறிந்த சங்கதி. தேயிலைச் செடிகளுக்கு நடுவே நாலு நிரை தள்ளி நிற்பவளுக்கும் கேட்கிற மாதிரி பேசுவாள். பேசிக்கொண்டே கூடையையும் நிரப்பிவிடுவாள். கடைக்குப் போய் உப்பு வாங்கி வந்ததை அவள் சொன்னால்கூட, கேட்பவர்கள் கொழுந்து பறிக்கும் கையை நிறுத்திவிட்டு வாயைப் பிளந்து நிற்பார்கள். இப்படி ஒரு வாய் இருந்தால் என்றைக்காவது அது வம்பில் கொண்டுபோய் விடாமல் இருக்குமா? விட்டது.

அந்த எஸ்டேட்டில் ஆறாம் நம்பர் காடு என்கிற தேயிலைப் பரப்பு சோலைக்காட்டை ஒட்டியே இருக்கிறது. அங்கே காட்டுமாடு வரும். கொம்பும் திமிலுமாக, ஒரு ஜீப் உயரத்துக்கு நிற்கும். ஆனால் காட்டுக்குள் இறங்கிய பிறகு எந்தப் பெண்ணும் அதன் பேரைச் சொல்லமாட்டாள். ‘அவுங்க’ என்றுதான் சொல்வார்கள். காலையில் முதல் நிரையில் இறங்குகிறவள் கையில் இருக்கும் கம்பால் ஓரத்துப் பாறையில் மூன்று தட்டு தட்டி, “சாமி, நாங்க வந்துட்டோமுங்க, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க” என்று குரல் கொடுப்பாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் இறங்குவார்கள். யார் தொடங்கி வைத்த வழக்கமோ தெரியாது. ஒருநாளும் விட்டதில்லை.

பல வருஷம் அந்தக் கம்பு சின்னம்மை கையில்தான் இருந்தது. போன வருஷம் ஒரு மார்கழிக் காலை. மூடுபனி. சின்னம்மை பாறையைத் தட்டினாள், குரலும் கொடுத்தாள். எதிரே படுத்திருந்த ஒற்றைக் கடா ஒதுங்கவில்லை. அது தூக்கி எறிந்ததில் அவள் இடுப்பெலும்பு முறிந்தது. அவள் இப்போது தொழிலாளர் லைனில் இருக்கும் வீட்டுக்குள்ளேயே சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறாள். டெம்பரவரி ஆள் என்பதால் எஸ்டேட்டின் எந்தக் கணக்கிலும் அவள் இடுப்பு ஏறவில்லை. கம்பு ராக்கம்மாவின் கைக்கு வந்தது.

அந்தச் சமயத்தில்தான் தேயிலை விலை படுத்தது. சிறு விவசாயிகள் சிலர், பறிக்கிற கூலிக்கே கட்டுப்படியாகவில்லை என்று செடியைப் பறிக்காமலே விட்டுவிட்டார்கள். அது மரமாக வளர ஆரம்பித்தது. எஸ்டேட் ஃபேக்டரியும் பாதி நாள் மூடிக் கிடந்தது. பக்கத்துக் காடுகளையெல்லாம் பர்மனென்ட் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். ராக்கம்மாவின் டெம்பரவரி செட்டுக்கு மிஞ்சியது ஆறாம் நம்பர் மட்டும்தான். அதுவும் பர்மனென்ட் ஆட்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள் என்பதால் மிஞ்சியது. அந்தக் காடு இல்லையென்றால் அந்தப் பெண்களுக்கு வேலையே இல்லை.

ராக்கம்மாவின் மகள் கீர்த்தனா கோத்தகிரியில் ப்ளஸ் ஒன் படித்தாள். இசக்கிமுத்து, அதாவது அவள் அப்பா, திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார். மாதம் ஒருமுறை வருவார். அம்மாவும் மகளும்தான் வீட்டில். சின்னம்மை அடிபட்டதைப் பார்த்த நாளிலிருந்து கீர்த்தனாவின் மண்டைக்குள் ஒரு யோசனை ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்து ரோபோ குழுவில் ஜீவாவையும் நவநீதனையும் சேர்த்துக்கொண்டு ஒரு வண்டி செய்தாள். குழந்தைகளின் மூன்று சக்கர சைக்கிளிலிருந்து கழற்றிய சக்கரங்கள், தண்ணீர் டிரம்மின் அடிப்பாகம், முன்னால் உடம்புச் சூட்டைக் கண்டுபிடிக்கிற ஒரு சென்சார், ஒரு ஹாரன். நிரைகளுக்கு நடுவே பெண்களுக்கு முன்னால் அது ஓடும். எதிரே பெரிய உயிர் ஏதாவது இருந்தால் நின்று அலறும். சின்னம்மை செய்த வேலையை, இடுப்பு இல்லாத ஒன்று செய்யட்டும் என்பதுதான் அவள் எண்ணம்.

கோயம்புத்தூரில் ஒரு காலேஜ் நடத்தும் போட்டிக்கு அதை அனுப்ப வேண்டும். இயற்பியல் வாத்தியார் பாலகுமார் விதிமுறையை வாசித்துக் காட்டினார். வண்டி ஓடுவதைக் காட்டினால் மட்டும் போதாதாம். யாருடைய கஷ்டத்துக்காகச் செய்தீர்களோ, அந்த ஆள் முகம் காட்டித் தன் வாயால் பேச வேண்டுமாம். பேச ஆள் தேட வேண்டிய அவசியமே இல்லை.

“ஊட்டுல பேசற மாதிரியே பேசுங்கம்மா. கேமராவ மறந்துடுங்க” என்றார் பாலகுமார்.

கேமராவையா? ராக்கம்மா உலகத்தையே மறந்தாள்.

“ஏனுங்க, நாங்க கொழுந்து எடுக்கவா போறோம்? உசுரக் கையில புடிச்சுட்டுப் போறோமுங்க. தெனமும் அவுங்க மூஞ்சிலதான் முழிக்கறது. எங்க சின்னம்மையக்கா, தூக்கி எறிஞ்சதுல அந்தச் செடி மேல போயி உளுந்து, ‘ராக்கு, என்னைய உட்டுட்டு ஓடீரு’ன்னாங்க. எப்புடிங்க ஓடுவேன்? இன்னிக்கும் அந்த எடத்துல கால் வெச்சா எனக்கு ஈரக்கொலை நடுங்குதுங்க.”

தினமும் என்பது கொஞ்சம் அதிகம்தான். மாதத்தில் சில நாட்கள் வரும், சில வாரம் வராமலும் இருக்கும். ஆனால் கதை சொல்கிறவளுக்கு ‘சில நாட்கள்’ என்ற சொல் நாக்கில் நிற்காது. மற்றதெல்லாம் சத்தியம். கேட்டுக்கொண்டிருந்த ஜீவா அழுதுவிட்டான். பாலகுமார் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தவர் அதோடு நிற்கவில்லை. அனுப்புவதற்கு முன்னால் பெற்றோர்களும் பார்க்கட்டுமே என்று பள்ளிக்கூட வாட்ஸ்ஆப் குரூப்பில் வீடியோவைப் போட்டுவிட்டார். நல்ல மனுஷர்தான். நல்ல மனுஷர்களுக்கு இந்த மாதிரி யோசனைதான் வரும்.

அந்த குரூப்பில், வேலைக்கு வருகிறவர்களின் பேரை எழுதும் எஸ்டேட் ரைட்டர் சுடலைமுத்துவும் இருந்தார். அவர் மகளும் அதே பள்ளிக்கூடம்.

அடுத்த திங்கட்கிழமை செட்டு கூடையோடு போய் நின்றபோது சுடலைமுத்து பேர் போடவில்லை. “ஆறாம் நம்பர் சாத்தியாச்சு. மேனேஜர் ஆர்டர்” என்றார். ஏன் என்று கேட்டதற்கு ராக்கம்மாவைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள்.

செட்டிலேயே மூத்தவள் ஜானகியம்மாள். திட்டியிருந்தால்கூட ராக்கம்மா பதிலுக்குத் திட்டி ஆறியிருப்பாள். ஜானகியம்மாள் கூடையைத் தலையிலிருந்து இறக்கி, ராக்கம்மா பக்கம் திரும்பாமலே லைனுக்கு நடந்தாள். அன்றிலிருந்து தண்ணீர்க் குழாயடிக்கு ராக்கம்மா வந்தால் பேச்சு நின்றுவிடும். பேசியே வாழ்ந்தவளுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

மேனேஜரைப் பார்க்கப் போனாள். அவர் ஒன்றும் கத்தவில்லை.

“என் இடத்துல இருந்து யோசிம்மா. தினமும் வருதுன்னு நீயே சொல்ற. தெரிஞ்சும் அனுப்பினியான்னு நாளைக்கு என் கழுத்தைத்தான் பிடிப்பாங்க. இப்ப இருக்கிற விலைக்கு அந்தக் காட்டை மூடினா கம்பெனிக்கு நஷ்டமும் இல்ல.”

“எம்புள்ளைக அதுக்குத்தானுங்க மிஷின் செஞ்சிருக்குது. அத முன்னால உட்டுட்டு நாங்க பொறத்தால போறமுங்க.”

“மிஷினை விட்டா, அங்க மாடு இருக்குன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். புரியுதா?” நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். “ஒண்ணு செய். அந்த வீடியோவை எடுக்கச் சொல்லு. ஆறாம் நம்பர்லயே நின்னு, இங்க ஒண்ணும் வர்றதில்ல, யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லன்னு சொல்லி இன்னொண்ணு எடுத்துக் குடு. அதை மேல காட்டி, காட்டைத் திறக்கறேன்.”

வீட்டுக்கு வந்து சொன்னதும் கீர்த்தனாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

“யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லன்னா அப்பொறம் எங்க வண்டி எதுக்கும்மா? பழைய இரும்புக் கடைல போட்டுட்டு வரட்டுமா?”

“கத்தாத கண்ணு. குழாயடில ஒருத்தியும் எம்மூஞ்சியப் பாக்கறதில்ல.”

“சின்னம்மை பெரிம்மா மூஞ்சிய நீ எப்படிப் பாப்ப?”

ராக்கம்மா காலிக் கூடையை எடுத்து மூலையில் கவிழ்த்து வைத்தாள். மகள் முறைத்துவிட்டு, ஃபோனைச் சார்ஜில் போட்டாள். எடுத்துக் கொடுக்க ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தம்.

மறுநாள் காலை ஆறாம் நம்பருக்குப் போனார்கள். சாட்சிக்கு சுடலைமுத்து வந்தார். செட்டுப் பெண்களும் வந்து ரோட்டோரம் நின்றார்கள். கீர்த்தனா ஃபோனைத் தூக்கிப் பிடித்தாள். ராக்கம்மா பாறைக்குப் பக்கத்தில் நின்று, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி சொன்னாள்.

“இங்க காட்டுமாடு வர்றதில்லீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லீங்க. நாங்க பயமில்லாம வேலை செய்யறமுங்க.”

காட்டுக்குள் நின்று அவள் அந்தப் பேரைச் சொன்னது அதுவே முதல் தடவை. ரோட்டில் நின்றவர்களில் ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“நிரைல எறங்கிக் கொழுந்து எடுக்கற மாதிரி ரெண்டு நிமிஷம் காட்டும்மா. இயற்கையா இருக்கணும்” என்றார் சுடலைமுத்து.

ராக்கம்மா கூடையை மாட்டிக்கொண்டு திரும்பினாள். திரும்பியவள், கம்பை எடுத்தாள். பாறையில் தட்டினாள், மூன்று தட்டு. “சாமி, நாங்க வந்துட்டோமுங்க, கொஞ்சம் ஒதுங்கிக்குங்க” என்றாள். சொல்லிவிட்டுக் காது கொடுத்து நின்றாள். உள்ளே ஒன்றும் அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் ஒரு காலை நிரைக்குள் வைத்தாள்.

வைத்த பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. அப்படியே நின்றாள். சுடலைமுத்து செருமிக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடி, “அந்தக் கடைசித் துண்ட வெட்டிரு பாப்பா” என்றார்.

கீர்த்தனா வெட்டினாள். மீதியை மேனேஜருக்கு அனுப்பினாள். வெட்டி எடுத்த துண்டை அழிக்கவில்லை.

போட்டிக்குக் கடைசி நாள் நெருங்கியது. பழைய வீடியோவை அனுப்பமுடியாது. சாயங்காலம் அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“அந்தத் துண்ட மட்டும் வெச்சுக்கட்டுமாம்மா? நீ திரும்பி நிக்கற, மூஞ்சி தெரியாது. தட்டறது, கூப்பிடறது, நின்னு கேக்கறது. அதுக்கப்பொறம் எங்க வண்டி போறத சேத்திருவேன். யாரும் ஒண்ணும் பேச வேண்டாம்.”

“மூஞ்சி காட்டி வாயத் தொறந்து சொல்லோணும்னாரே உங்க வாத்தியாரு?”

“மார்க் கொறைப்பாங்க. கொறைக்கட்டும்.”

ராக்கம்மா ஃபோனை வாங்கிப் பார்த்தாள். தன் முதுகை அவள் பார்த்ததே கிடையாது. அந்த முதுகு எவ்வளவு பயந்து போயிருக்கிறது என்று பார்க்கும்போது அவளுக்கே பாவமாக இருந்தது. அனுப்பு என்று தலையாட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை சுடலைமுத்து வந்து காட்டைத் திறந்துவிட்டதாகச் சொல்லிவிட்டுப் போனார். வண்டி மட்டும் எஸ்டேட் கேட்டைத் தாண்டக் கூடாதாம். குழாயடியில் மறுபடியும் பேச்சு கேட்டது. ஜானகியம்மாள் குடத்தை நகர்த்தி ராக்கம்மாவுக்கு இடம் விட்டாள். ராக்கம்மாவால் அங்கே நிற்க முடியவில்லை. குடத்தை வைத்துவிட்டு நேரே சின்னம்மை வீட்டுக்குப் போனாள்.

சின்னம்மை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விஷயம் அவள் காதுக்கு எப்போதோ போயிருந்தது.

“யாருக்கும் ஒண்ணும் ஆனதில்லன்னு சொல்லிப்போட்டேனக்கா” என்று சொல்லி ராக்கம்மா வாசலிலேயே அழுதாள்.

“அதனால என்ன? வேலை வேணுமில்ல. நானா இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.” சின்னம்மை இடுப்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து, அவள் உட்கார இடம் விட்டாள். “என்னைய இல்லைன்னு நீ சொல்லீட்ட ராக்கு. அது போவட்டும். நாளைக்கு உனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, உன்னைய இல்லைன்னு அடுத்தாப்பல எவ வந்து சொல்லுவா?”

ராக்கம்மா உட்காரவில்லை. அந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தாள்.

திங்கட்கிழமை நல்ல மூடுபனி. ஆறாம் நம்பருக்கு மேலே ரோட்டில் சுடலைமுத்து பேர் போட்டு முடித்தார். பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டார்கள். யாரும் இறங்கவில்லை.

“போ முன்னால. ஒண்ணும் வராதுன்னு நீதான சொன்ன” என்று ஜானகியம்மாள் கம்பை நீட்டினாள். குத்திக்காட்டவேண்டும் என்றுதான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அவளே பனிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ராக்கம்மா கம்பை வாங்கிக்கொண்டு பாறையிடம் போனாள். எதிரே நாலு செடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தட்டினாள். வழக்கமாகச் சொல்வது வாயில் வரவில்லை. ரோட்டில் நிற்கும் சுடலைமுத்துவுக்கும் நன்றாகக் கேட்கிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“சாமி! சின்னம்மை அடிபட்ட எடத்துல ராக்கம்மா நிக்கறேனுங்க!”

பனிக்குள்ளிருந்து சத்தம் ஏதும் வரவில்லை. சுடலைமுத்து எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் ஜானகியம்மாள், “ஜானகியம்மா வந்திருக்கேனுங்க” என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள் தன் பேரைச் சொன்னாள். அடுத்தவளும் சொன்னாள். கடைசிப் பேர் வரும்வரை ராக்கம்மா நின்று கேட்டாள். பிறகு முதல் நிரையில் இறங்கினாள்.