அடுக்களைத் தூணில் ஆறு கோடுகள்

கோயில் வாசலில் யாத்திரிகர்களுக்கு ஊரின் கதையைச் சொல்லிப் பிழைத்த அந்த மனிதரை எல்லோரும் 'புராணம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருடைய அனுமதி அட்டையில் மட்டும் இருந்தது. அவர் வாயைத் திறந்தால், மூன்று முறை எரிந்து மூன்று முறையும் எழுந்த அந்தப் புண்ணிய நகரம் கேட்பவர் கண்முன் வந்து நிற்கும். ராஜாவின் குதிரை எந்தப் படியில் இடறியது என்பதுகூட அவருக்குத் தெரியும்.

"குதிரை உங்ககிட்ட வந்து சொல்லுச்சாக்கும்" என்பார், குடையை உயரப் பிடித்துக் கூட்டம் சேர்த்து அதே தொழில் செய்த குடைக்காரர்.

"உங்ககிட்டயும் சொல்லத்தான் வந்துச்சு. குடையைப் பாத்து மிரண்டு ஓடிடுச்சு."

மூன்றாம் முறை ஊர் எரிந்தபோது சரிந்துபோன மண்டபங்களின் கற்களை எடுத்துத்தான் ஜனங்கள் வீடு கட்டிக்கொண்டார்கள். அதனால் அந்தத் தெருவில் பாதி வீடுகளில் பழைய தூண் உண்டு. புராணத்தின் வீட்டில் அது அடுக்களையில் நின்றது, சமையல் மேடைக்கும் ஜன்னலுக்கும் நடுவில். அதன் மேல் ஆறு கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக.

ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் மகளைத் தூணோடு ஒட்டி நிற்கவைத்து, உச்சந்தலைக்கு நேராக உளியால் அவர் வெட்டிய கோடுகள் அவை. குதிகாலைத் தூக்கி ஏமாற்றப் பார்ப்பாள் குழந்தை. அம்மா பாதத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வாள். ஏழாவது கோடு போடக் குழந்தை இருக்கவில்லை. விடாத காய்ச்சல் ஒன்று கொண்டுபோய்விட்டது.

அதற்கடுத்த வருஷம், தூணைப் பார்க்க அழைத்து வந்த யாத்திரிகர் ஒருவர் கேட்டார்: "இது என்ன கோடு?"

மனைவி கிணற்றடியில் இருந்தாள். புராணம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அது... ராஜா காலத்து அளவுகோல்" என்றார். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கூசியது. அப்புறம் பழகிவிட்டது. இருபது வருஷம் அதையே சொன்னார், மனைவி பக்கத்தில் இல்லாத சமயமாகப் பார்த்து.

ஒரு நாள் பேராசிரியர் ஒருவர் வந்து நாடா வைத்து அளந்துகொண்டு போனார். கட்டுரை எழுதினார். அதைத் தொடர்ந்து வீட்டுக் கதவில் அரசாங்கத் தாள் ஒட்டினார்கள். அரிய அளவுகோல் தூண், பாதுகாக்கப்பட வேண்டியது, முப்பது நாளில் வீட்டைக் காலி செய்யவும்.

"தெருவுல எல்லார் வீட்டுலயும்தான் தூண் இருக்கு. நம்மள மட்டும் ஏங்க?" என்று கேட்டாள், எழுத்துப் படிக்கத் தெரியாத மனைவி. புராணம் செருப்பை மாட்டிக்கொண்டார். அவளும் கிளம்பினாள்.

தொல்லியல் அலுவலகத்து அதிகாரி நல்ல பெண்மணி. உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். "மாத்து வீடு தர்றோம்மா. ரெண்டு ரூம், தண்ணி வசதி, எல்லாம் உண்டு."

"தூணையும் அங்க கொண்டாந்து தருவீங்களா?" என்றாள் மனைவி.

அதிகாரி புராணத்தைப் பார்த்தாள். அவர் கைகளைப் பிசைந்தார். "அந்தக் கோடெல்லாம் நான் வெட்டுனது மேடம். என் பொண்ணோட உயரம்."

"ஐயா, தப்பா நினைக்காதீங்க. வீடு போகுதுன்னா எல்லாரும் ஏதாவது சொல்வாங்க. போன வாரம் ஒருத்தர் கல்வெட்டையே தன்னோட கையெழுத்துன்னார்." அவள் குரலில் கேலி இல்லை. அலுப்புதான் இருந்தது. "போட்டோ ஏதாவது இருக்கா?"

இருந்த ஒரே படத்தை மனைவி நீட்டினாள். ரெட்டைப் பின்னலோடு பள்ளிக்கூட வாசலில் நின்றாள் குழந்தை.

"இதுல தூண் இல்லையேம்மா." அதிகாரி கோப்பைத் திருப்பிக் காட்டினாள். "'அளவுகோல் என்பது இந்த வீட்டார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் செய்தி.' கீழ கையெழுத்து உங்களோடதுதானே ஐயா?"

அவருடையதுதான். பேராசிரியர் அளந்த அன்று வாங்கிக்கொண்டு போனது.

மனைவி மெதுவாகத் திரும்பினாள். "அளவுகோலா? நான் தினம் துடைச்சு வச்ச என் பொண்ண, வர்றவன் போறவன்கிட்டல்லாம் அளவுகோல்னா சொன்னீங்க?"

"அவ இல்லன்னு சொல்ல வாய் வரலம்மா."

அவள் மேஜைமேல் கிடந்த படத்தை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

முப்பத்தோராம் நாள் சுவர்கள் இறங்கின. தூண் மட்டும் வெயிலில் தனியாக நின்றது. சுற்றிலும் இரும்புக் கம்பி, பக்கத்தில் ஒரு பலகை, ஒரு காவலாளி. இருவரும் ஒரு காலையில் போய்க் கூட்டத்தின் பின்னால் நின்றார்கள். குடைக்காரர் ராஜா காலத்து அளவுகளை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கற ரெண்டு கோடு மட்டும் ஏன் இவ்வளவு கிட்ட கிட்ட இருக்கு?" என்று கேட்டார் ஒருவர்.

"அது நகை வேலைக்கு வச்ச சின்ன அளவுங்க. இதோ நிக்கிறாரே, இவர் வீட்டுத் தூண்தான். சந்தேகம்னா கேட்டுக்குங்க."

எல்லோரும் திரும்பினார்கள். புராணம் வாயைத் திறந்தார். கண் அந்த இரண்டு கோடுகளில் போய் நின்றது.

"அந்த வருஷம் பூரா அவளுக்குக் காய்ச்சல்" என்றாள் மனைவி, அவருக்கு மட்டும் கேட்கும்படி. "எங்க வளந்தா?"

பையிலிருந்து அடுக்களைத் துணியை எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கிப் போனாள். கம்பிக்குள் கையை நீட்டினாள். விரல்நுனிகூட எட்டவில்லை.

"அம்மா, தொடக்கூடாது" என்று ஓடிவந்தார் காவலாளி. "ரொம்பப் பழைய பொருள்."

"தூசி படிஞ்சிருக்குப்பா" என்றாள் அவள். "அதான்."